எலும்புக்கு முன் மண்: ரூத் கேலவே தொடரைத் தமிழாக்க எண்ணுவோருக்கு ஒரு திறந்த மடல்

துப்பறியும் நாவல்களை மொழிபெயர்த்து வெளியிடும் பதிப்பாளர்களுக்கும், மொழிபெயர்ப்பாளர்களுக்கும், பிரதியைச் செம்மையாக்குவோருக்கும்,

வணக்கம்.

எல்லி கிரிஃபித்ஸ் எழுதிய ரூத் கேலவே தொடர் 2009இல் தொடங்கி 2023இல் நிறைவுற்றது. மொத்தம் 15 நாவல்கள். இங்கிலாந்தின் கிழக்கே நார்ஃபோக் மாவட்டத்தில், உவர்ச் சதுப்பின் ஓரத்து வீட்டில் பூனைகளோடு தனியே வசிக்கும் ஒரு தடயவியல் தொல்லியலாளர்தான் நாயகி. நாற்பதை நெருங்கும் வயது, கனத்த உடம்பு, பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி. எங்காவது எலும்பு தட்டுப்பட்டால் கிங்ஸ் லின் காவல் அதிகாரி ஹாரி நெல்சன் அவளைக் கூப்பிடுகிறான். இந்தத் தொடரையோ இதைப் போன்ற வேறொன்றையோ தமிழுக்குக் கொண்டுவர நீங்கள் எண்ணினால், முதல் பக்கத்தை மொழிபெயர்க்கும் முன் நாங்கள் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள்.

இந்தக் கதைகளில் துப்பு மண்ணில் கிடக்கிறது. மண்ணைப் பற்றிய சொல் ஒன்று பிசகினால் துப்பும் பிசகிவிடும். அதற்கு வேண்டிய சொற்களைப் புதிதாக உருவாக்க வேண்டியதில்லை. அகழாய்வு அறிக்கைகளிலும், கொத்தனார் பேச்சிலும், கடற்கரைப் பேச்சிலும் அவை ஏற்கெனவே இருக்கின்றன. எடுத்தாள வேண்டியதுதான் பாக்கி.

ரூத்தின் தொழில்பெயரிலிருந்து தொடங்குவோம். அவளைத் ‘தடயவியல் மருத்துவர்’ என்றோ ‘பிரேதப் பரிசோதனை நிபுணர்’ என்றோ எழுதிவிடாதீர்கள். இறப்பின் காரணத்தைச் சொல்வது நோய்க்குறியியல் மருத்துவர் வேலை. உடம்பு மண்ணுக்குள் எப்படி வந்தது, எப்போது வந்தது, குழியை எதனால் வெட்டினார்கள், மூடிய பிறகு யாராவது மறுபடி திறந்தார்களா என்பதையெல்லாம் சொல்வது தொல்லியலாளர் வேலை. ரூத் எலும்பிலும் தேர்ந்தவள் என்பதால் வயது, ஆணா பெண்ணா என்பவற்றையும் அவளே பார்க்கிறாள். இந்த இரண்டு வேலைக்கும் நடுவில் உள்ள கோடு தமிழில் அழிந்தால், சில காட்சிகளில் அவளுக்கும் மருத்துவருக்கும் ஏன் உரசல் வருகிறது என்றே வாசகருக்குப் புரியாது.

‘தடயவியல் தொல்லியல்’ என்ற சொல் ஈழத் தமிழ் வாசகருக்கு நாவலில் மட்டும் வரும் அலங்காரம் அல்ல. 2018இல் மன்னார் சதொச (அரசு விற்பனைக் கடை) வளாகப் புதைகுழியிலும், 2025இல் யாழ்ப்பாணம் செம்மணி சித்துப்பாத்தியிலும் நீதிமன்ற மேற்பார்வையில் அகழ்வு நடந்தபோது அந்தச் சொல் நாள்தோறும் செய்தியில் வந்தது. மன்னார் எலும்பு மாதிரிகள் அமெரிக்காவில் காலத்தைக் கணிக்கும் கார்பன் ஆய்வுக்குப் போய், 15 முதல் 17ஆம் நூற்றாண்டு வரையிலான காலம் என்று 2019இல் முடிவு வந்ததும், அதைச் சுற்றி எழுந்த கேள்விகளும் அவர்களுக்கு நினைவிருக்கும். காணாமற்போன தன் பிள்ளையைத் தேடும் ஒருவர் படித்த சொல் இது. அதைக் கதைப் புத்தகம்தானே என்று அசட்டையாகக் கையாளக் கூடாது.

முதல் நாவலின் அச்சாணியே காலக்கணிப்புதான். சதுப்பில் எலும்பு கிடைக்கிறது. பத்தாண்டுக்கு முன் காணாமற்போன சிறுமியோ என்று நெல்சன் பதறுகிறான். அது இரும்புக்காலத்துப் பெண்ணின் எலும்பு என்று தெரிகிறது. இது கற்பனையில் மட்டும் நடப்பதில்லை. 1983இல் செஷையர் மாவட்டத்து லிண்டோ சதுப்பில் ஒரு பெண்ணின் மண்டையோடு கிடைத்தது. பக்கத்தில் வசித்த ஒருவர், தன் மனைவியை முன்பு கொன்று அங்கே புதைத்ததாக ஒப்புக்கொண்டார். பிறகு வந்த கார்பன் முடிவோ மண்டையோட்டுக்கு 1,700 ஆண்டுக்கு மேல் வயது என்றது. ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்தே அவருக்குத் தண்டனை விழுந்தது.

இங்கே மொழிபெயர்ப்பாளர் கவனிக்க வேண்டியது ‘இரும்புக்காலம்’ என்ற சொல்லை. பிரிட்டனில் அது ஏறக்குறைய கி.மு. 800இல் தொடங்கி கி.பி. 43இல் ரோமானியர் வந்ததோடு முடிகிறது. தமிழ் வாசகர் மனத்தில் இருக்கும் கணக்கு வேறு: சிவகளையில் இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போவதாகத் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டது. ஆகவே முதல்முறை அந்தச் சொல் வரும் இடத்தில் ‘இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய’ என்று வாக்கியத்துக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள். அடிக்குறிப்புக்குத் தள்ளினால் அந்த இடத்து அதிர்ச்சி போய்விடும்.

எலும்பு பழையதா புதியதா என்று ஆய்வகம் எப்படிச் சொல்கிறது என்பதையும் தெரிந்துகொண்டு எழுதுங்கள். அணுகுண்டுச் சோதனைகளால் 1950களின் நடுவிலிருந்து காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் ஏறத் தொடங்கி, 1963 வாக்கில் ஏறக்குறைய இரு மடங்கானது. அதற்குப் பிறகு வாழ்ந்தவர் உடம்பில் அந்த மிகுதி பதிந்திருக்கும். ஆகவே ‘இவர் அணுகுண்டுக் காலத்துக்கு முன் இறந்தவரா, பின்பா’ என்பதற்கு நல்ல விடை கிடைக்கும். ‘இந்தத் தேதியில் இறந்தார்’ என்று எந்த ஆய்வகமும் சொல்லாது. மூலத்தில் ‘இத்தனையிலிருந்து இத்தனை வரை’ என்று இருந்தால் அந்த ‘வரை’யை வெட்டாதீர்கள்.

இனி அகழ்வுக் காட்சிகள். ‘எலும்புக்கூட்டைத் தோண்டி எடுத்தார்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிடும் ஆசை வரும். அந்த ஒரு வரியில்தான் கதை செத்துப்போகிறது. வரிசை இப்படி.

முதலில் இடத்தை நடந்து பார்ப்பார்கள். தோண்டி மூடிய மண் சுற்றுமண்ணைப்போல இறுகியிராது. நாளாக நாளாக அமுங்கி நடுவில் பள்ளம் விழும், மேலே முளைக்கும் புல்லும் மாறுபடும். பிறகு மேல்மண்ணைச் சுரண்டுவார்கள். பிரிட்டனில் அதற்குப் பெரும்பாலும் 4 அங்குலக் கரணை, கொத்தனார் செங்கல் இடுக்கில் சாந்து அடைப்பாரே, அதே கரணைதான். நுனியால் குத்தக் கூடாது. விளிம்பைச் சாய்த்துவைத்துத் தன் பக்கமாக இழுக்க வேண்டும். இழுக்க இழுக்க மண்ணின் நிறம் தெளியும். வெயிலில் காய்ந்து நிறம் மங்கினால் தண்ணீரைப் புகையாகத் தெளித்துப் பார்ப்பார்கள். யாரும் கை வைக்காத கன்னிமண் ஒரே சீராக இருக்கும். தோண்டி மூடிய மண்ணில் மேல்மண், அடிமண், வேர், கல் எல்லாம் கலந்து திட்டுத்திட்டாகத் தெரியும். இரண்டும் சந்திக்கும் கோடுதான் குழியின் விளிம்பு. அது கண்ணுக்குப் படும்வரை ஒரு விரற்கடைகூடக் கீழே போகக் கூடாது.

விளிம்பு தெரிந்ததும் அளவுகோலும் வடக்கு காட்டும் அம்பும் வைத்துப் படம் எடுப்பார்கள், 1:20 அளவில் தரைப்படம் வரைவார்கள். அடுத்து உள்ளே இருக்கும் நிரப்பு மண்ணை மட்டும் எடுப்பார்கள். இயன்ற இடங்களில் முதலில் ஒரு பாதி. மிஞ்சிய பாதியின் வெட்டுமுகத்தில் எந்த மண் முதலில் விழுந்தது, எது பிறகு விழுந்தது என்பது தெரியும். அதை 1:10 அளவில் வரைவார்கள். குழிச் சுவரில் மண்வெட்டி இறங்கிய தடம் அப்படியே பதிந்திருக்கும். அலகின் அகலமும் வளைவும் அதில் அளக்கக் கிடைக்கும். அடியில் காலணித் தடம் இருக்கலாம். வசதியாக உட்கார்ந்து தோண்டுவதற்காகக் குழியை அகலப்படுத்தினால் இவ்வளவும் ஒரே நிமிடத்தில் போய்விடும். கதையில் ரூத் ஏன் ஒரு காவலரைப் பார்த்துக் குரலை உயர்த்துகிறாள் என்பது இது தெரிந்தால்தான் விளங்கும்.

எடுத்த மண் தூக்கிக் கொட்டும் மண் அல்ல. வாளிக்கு வாளி எண் போட்டுச் சல்லடைக்குப் போகும். பொதுவாக 5 மில்லிமீட்டர் கண். பல், தோட்டாச் சிதறல், குழந்தை எலும்பு போன்றவற்றை எதிர்பார்த்தால் இன்னும் சின்னக் கண். வளர்ந்தவர் உடம்பில் எலும்பு 206. அதில் இரு கைகளிலும் இரு பாதங்களிலும் மட்டும் 106, பாதிக்கு மேல். அவசரக்காரர் முதலில் தொலைப்பது இவற்றைத்தான். அதனால் இடது கை, வலது கை, இடது பாதம், வலது பாதம் என்று தனித்தனி உறையில் இடுவார்கள். மொழிபெயர்ப்பில் இடம் வலம் மாறிப்போனால் பத்து அத்தியாயம் தள்ளி அது ஒரு பிழையான துப்பாக வந்து நிற்கும்.

இன்னொரு நுட்பம். குழியின் அடியில் 1998 என்று பொறித்த நாணயம் கிடந்தால், குழி 1998க்கு முந்தியதாக இருக்க முடியாது என்பது மட்டுமே பொருள். 2010இல்கூட வெட்டியிருக்கலாம். ‘1998இல் வெட்டிய குழி’ என்று தமிழில் எழுதினால் குற்றவாளிக்கு நீங்களே சாட்சி சொன்னதாகிவிடும்.

அகராதியைத் திறந்தவுடன் விழும் குழிகள் வேறு சில. ஆங்கிலத்தில் அகழ்வதற்கு வெட்டும் நீண்ட குழிக்கு ஒரு சொல், அதற்குள் தென்படும் பழைய பள்ளத்துக்கு ஒரு சொல், சடலம் இட்ட குழிக்கு ஒரு சொல். நம் அறிக்கைகளில் முதலிரண்டும் ‘குழி’ என்றே வருவதால், குழிக்குள் குழிக்குள் குழி என்று வாசகர் தடுமாறுவார். அகழாய்வுக் குழி, பள்ளம், புதைகுழி என்று மூன்றையும் பிரித்து, 15 நூலிலும் மாறாமல் வையுங்கள். முதலாவதை ‘அகழி’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வேலூர்க் கோட்டையைச் சுற்றி நிற்கும் தண்ணீர்தான் கண்ணில் வரும். ‘கான்டெக்ஸ்ட்’ என்ற சொல்லுக்குச் ‘சூழல்’ என்றோ ‘பின்னணி’ என்றோ போட்டால் வாக்கியம் பொருளற்றுப் போகும். அகழ்வில் அது தனி எண் பெற்ற ஒரு மண்ணடுக்கு, ஒரு வெட்டு, அல்லது ஒரு நிரப்பு. ‘மண்ணலகு’ என்று ஒரு சொல்லை வைத்துக்கொள்ளலாம். ‘நேச்சுரல்’ என்றால் இயற்கை அல்ல, கன்னிமண்.

இவற்றிலெல்லாம் மோசமான ஒன்று: இரும்புக்காலப் பிரிட்டனில் கழுத்தில் அணிந்த முறுக்கிய பொன் வளையம். அதன் ஆங்கிலப் பெயரான ‘டார்க்’கை (torc) மொழிபெயர்ப்பு எந்திரத்திடம் கொடுத்தால் இயற்பியல் பாடத்து ‘முறுக்குவிசை’ வந்து நிற்கும். இறந்தவளின் அருகே முறுக்குவிசை கிடந்தது என்று அச்சாகிவிடும். நம்மிடம் ‘காறை’ இருக்கிறது. கழுத்தை ஒட்டி விறைப்பாக நிற்கும் நகை. ‘முறுக்குக் காறை’ என்றால் கண்முன் வந்துவிடுகிறது. நார்ஃபோக்கின் ஸ்நெட்டிஷாமில் 1950இல் கிடைத்த பெருங்காறை ஒரு கிலோவுக்குமேல் எடை. இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் அதன் படத்தை மேசையில் வைத்துக்கொண்டு எழுதுவது நல்லது.

நிலத்துக்கு வருவோம். இந்தத் தொடரில் நெல்சனுக்கு எவ்வளவு இடமோ அவ்வளவு இடம் சதுப்புக்கும் உண்டு. அதை ‘அலையாத்திக் காடு’ ஆக்கிவிடாதீர்கள். அங்கே மரமே இல்லை. புல்லும், சேறும், நெளிந்தோடும் கழிகளும், நம் உமரிக்கு உறவான சதைப்பற்றுள்ள சிறு செடியும்தான். பிச்சாவரத்தைக் கற்பனை செய்த வாசகர் ஒளிந்துகொள்ள இடம் இருப்பதாக நினைப்பார். ஒளிய இடமே இல்லாத வெட்டவெளி என்பதுதான் அந்த நிலத்தின் அச்சம். ‘அலை உள்ளே வந்தது’ என்பதும் தவறு. வருவது ஓதம். நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றும். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். இலங்கைக் கடற்கரையில் ‘வற்று’, ‘பெருக்கு’ என்று சொல்வார்கள். அந்தச் சொற்களை எடுத்தால் துரத்தல் காட்சிகளில் வாக்கியம் சுருங்கி வேகம் பிடிக்கும். முன்பின் தெரியாதவர் சேற்றில் கால் புதைந்து நிற்கும்போது சுற்றிலும் உள்ள கழிகள் முதலில் நிரம்பி, வழி முதுகுப்பக்கத்தில் அடைபடுகிறது. ஆபத்து கடலிலிருந்து நேரே வருவதில்லை. அதைச் சரியாகச் சொல்லுங்கள்.

மண்ணின் வேதியியலும் கதையில் வேலை செய்கிறது. செடிகள் மக்கிச் சேர்ந்த அமில மண்ணில் தோலும் முடியும் நிற்கும், எலும்பு கரையும். வெண்சுண்ணப் பாறை மண்ணில் எலும்பு நிற்கும், மற்றது போகும். நார்விச் நகரத்துக்குக் கீழே அந்தப் பாறையை வெட்டியெடுத்த பழைய சுரங்கங்கள் உண்டு. 1988இல் சாலை உள்வாங்கி ஒரு மாடிப்பேருந்தின் பின்பக்கம் குழிக்குள் இறங்கியது. அந்தப் பாறையைச் ‘சாக்குக்கட்டி’ என்று எழுதினால் வகுப்பறை நினைவு வரும், சுரங்கம் வராது.

தொடரின் பின்னணியில் நிற்கும் மரவட்டத்துக்கு, அதாவது மரக் கம்பங்களை வட்டமாக நட்ட பழங்கால அமைப்புக்கு, உண்மை மூலம் உண்டு. 1998இல் நார்ஃபோக்கின் ஹோம் கடற்கரையில் மணல் அரித்து வெளிப்பட்டது. 55 கருவாலி மரக் கம்பங்கள், நடுவில் வேர் மேலாகத் தலைகீழாக நட்ட ஒரு பெரிய அடிமரம். மரவளையக் கணக்கின்படி கி.மு. 2049இல் வெட்டியவை. 1999இல் எதிர்ப்புகளுக்கு நடுவே எடுத்தார்கள். நீரில் ஊறிய மரம் காய்ந்தால் பிளந்து சுருங்கிவிடும் என்பதால் ஈரமாகவே வைத்திருந்து, உள்ளிருந்த நீருக்குப் பதில் மெழுகு போன்ற பாலிஎத்திலின் கிளைக்காலை ஏற்றி, பிறகு உறையவைத்து உலர்த்தினார்கள். 2008 முதல் கிங்ஸ் லின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதைக் ‘கல்வட்டம்’ என்று எழுதவே கூடாது. நமக்குக் கல்வட்டம் என்றால் பெருங்கற்காலப் புதைவிடம். இதில் கல்லே இல்லை. விட்டுவைத்தால் கடலும் துளைக்கும் உயிரிகளும் தின்றுவிடும், எடுத்தால் அந்த இடத்துக்கான பொருள் போய்விடும் என்ற வழக்கில் இரண்டு பக்கத்துக்கும் நியாயம் உண்டு. நாவலில் எதிர்ப்பவர் பக்கம் நிற்கும் காத்பாட் ஒரு ட்ரூயிட், பண்டைப் பிரிட்டன் பூசகர் வழியைப் பின்பற்றுபவர். அவரைச் ‘சாமியார்’ என்றோ ‘மந்திரவாதி’ என்றோ எழுதினால் அந்த நியாயம் கேலியாகிவிடும். ‘ட்ரூயிட்’ என்றே வையுங்கள்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. அங்கே தாசில்தார் முன்னிலையில் தோண்டும் முறை இல்லை. எலும்பு கிடைத்தால் காவல்துறையும் கொரோனரும். பழைய எலும்பு என்றால் 1857ஆம் ஆண்டுப் புதைப்புச் சட்டத்தின் கீழ் நீதித்துறை அமைச்சகத்தின் உரிமம். கொரோனருக்கு இலங்கை வழக்கில் ‘மரண விசாரணை அதிகாரி’ என்ற சொல் புழக்கத்தில் இருக்கிறது. அதைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். நெல்சனை அவன் ஆட்கள் ‘பாஸ்’ என்கிறார்கள். அதை ‘ஐயா’ ஆக்கினால் அந்த அறையில் இருக்கும் தோழமை போய்விடும்.

இப்போது எங்களுக்கு மிகவும் முக்கியமாகப் படுவது. ஆங்கிலத்தில் இல்லாத ஒரு முடிவைத் தமிழ் உங்களிடம் கேட்கும்: அவளா அவரா, நீயா நீங்களா? நெல்சனை ‘அவர்’ என்றும் முனைவர் பட்டம் பெற்ற ரூத்தை ‘அவள்’ என்றும் எழுதும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். இருவருக்கும் ஒன்றே. கதை அவர்கள் மனத்துக்குள்ளேயே நடப்பதால் அவள், அவன் என்பதே பொருந்தும் என்பது எங்கள் கருத்து. பேச்சில் முதலில் ‘நீங்கள்’தான். எந்தக் காட்சியில் அது ‘நீ’ ஆகிறது என்பதைத் தொடங்கும் முன்பே முடிவு செய்து குறித்துவையுங்கள். மற்றவர்கள் இருக்கும்போது இருவரும் மறுபடி ‘நீங்கள்’ என்று திரும்ப வேண்டும். மறைத்துவைத்த உறவைத் தமிழ் ஒரு விகுதியில் காட்டிவிடும், ஆங்கிலத்துக்கு அந்த வசதி கிடையாது. அவ்வளவு நெருங்கிய பிறகும் ரூத் அவனை ‘நெல்சன்’ என்றே அழைக்கிறாள். ‘ஹாரி’ என்பது அவன் மனைவியின் சொல். அதை மாற்றினால் ஒரு திருமணத்தையே தொட்டதாகும்.

கதை நிகழ்காலத்தில் நடக்கிறது. நடக்கிறாள், குனிகிறாள், பார்க்கிறாள் என்று ஒரே ஓசையில் அடுக்கினால் அலுக்கும் என்பது உண்மைதான். அதற்காக இறந்தகாலத்துக்கு மாற்றாதீர்கள். பழைய நினைவுகள் இறந்தகாலத்தில் வருகின்றன. அந்த வேறுபாட்டில்தான் வாசகர் நேற்றையும் இன்றையும் பிரிக்கிறார். எச்சங்களால் கோத்து, வினையில்லாத வாக்கியங்களை இடையிடையே விட்டு ஓசையை உடையுங்கள்: ‘கரணையைத் துடைத்துக் குனிகிறாள். கறுத்த கோடு. அதற்கப்பால் வேறு மண்.’

முதல் நாவலில் வரும் பூனைகள் ஃபிளிண்ட், ஸ்பார்க்கி. ஃபிளிண்ட் என்றால் சிக்கிமுக்கிக் கல், நார்ஃபோக் மண்ணில் எங்கும் கிடைப்பது, கற்கால மனிதர் கருவி செய்தது. ஸ்பார்க்கி அதிலிருந்து தெறிக்கும் பொறி. பெயர்களை அப்படியே வைத்து, முதல் அத்தியாயத்தில் ஒரே ஒருமுறை இதைச் சொல்லிவிட்டால் போதும்.

வரிசையைக் குலைக்காதீர்கள். ரூத்தின் மகள் கேட் நூலுக்கு நூல் வளர்கிறாள், கடைசி நூல்களில் கொரோனா ஊரடங்கு வருகிறது. பரபரப்பான ஏழாவதை முதலில் போட்டுப் பார்ப்போம் என்றால் முதல் நூலின் இரகசியங்கள் அதன் முதல் பக்கங்களிலேயே உடைந்துவிடும். உரிமை வாங்கும்போதே முதல் மூன்று நூலுக்கு ஒப்பந்தமும் மற்றவற்றுக்கு முன்னுரிமையும் கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் மாறினாலும் சொற்பட்டியல் மாறக் கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஒவ்வொரு நூலின் அகழ்வுக் காட்சிகளையும், பெரும்பாலும் முப்பது நாற்பது பக்கம்தான், களத்தில் வேலை செய்த ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவருக்கு உரிய ஊதியமும் நூலில் பெயரும் கொடுங்கள்.

முதல் நாவலின் தலைப்பான ‘தி கிராஸிங் பிளேசஸ்’ என்பதைக் ‘கடக்கும் இடங்கள்’ என்று சொல்லுக்குச் சொல் வைக்க வேண்டாம். நிலமும் கடலும் சந்திக்கும் இடம், உயிரும் சாவும் சந்திக்கும் இடம் என்பது அதன் பொருள். ‘துறை’ அழகான சொல், ஆனால் அட்டையில் பார்த்தால் அரசு அலுவலகம்போல் இருக்கும். ‘கடவு’ என்று வைத்துப் பாருங்கள்.

அட்டையில் மெலிந்த பெண்ணும் பூதக்கண்ணாடியும் மண்டையோடும் வேண்டாம். ரூத் எப்படி இருக்கிறாளோ அப்படியே இருக்கட்டும்: கனத்த உடம்போடு, மழைச்சட்டையோடு, சேறு அப்பிய காலணியோடு, முதுகைக் காட்டிச் சதுப்பை நோக்கி.

அன்புடன்,
அகழாய்வும் துப்பறியும் கதையும் விடாமல் படிக்கும் வாசகர்கள் சிலர்